ஆள் வராத அன்றைக்கு யார் வருவார்? வீட்டில் நோயாளியைப் பார்க்கத் தனி ஆளா, ஏஜென்சியா

டிஸ்சார்ஜ் தேதி சொன்ன பிறகுதான் பெரும்பாலான வீடுகளில் ஆள் தேடவே தொடங்குகிறார்கள். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன அப்பாரு, வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் ஆபரேஷன் முடிந்த ஆத்தா, நினைவு தடுமாறும் அம்மாயி என்று வீட்டுக்கு வீடு நிலைமை வேறு. பையன் பெங்களூரில் இருப்பான், மகள் திருப்பூரில் வேலைக்குப் போவாள். வார்டு வாசலில் யாரோ நீட்டிய ஏஜென்சி விசிட்டிங் கார்டு ஒரு கையில் இருக்கும். "எங்கூர்ல ஒரு அம்மா இருக்குதுங்க, கைசுத்தம், நல்லாப் பாத்துக்கும்" என்று பெரியம்மா சொன்ன வாக்கு காதில் இருக்கும். அன்று ராத்திரிக்குள் முடிவு எடுத்தாக வேண்டும்.

கொங்குப் பக்கம் இந்த இரண்டு ஏற்பாடுகளும் எப்படி நடக்கின்றன, எங்கே கைகொடுக்கின்றன, எங்கே கைவிடுகின்றன என்பதுதான் இந்த மதிப்பீடு. ஏஜென்சிகளின் பெயரைச் சொல்லவில்லை. ஒரே ஏஜென்சி கோவை பீளமேட்டுக்கு அனுப்பும் ஆளும் காங்கயம் தாண்டித் தோட்டத்துக்கு அனுப்பும் ஆளும் ஒரே தரமாக இருப்பதில்லை என்பதால் பெயரை வைத்து முடிவெடுக்க முடியாது.

எது மலிவு என்று தொடங்கினால் தப்பான இடத்தில்தான் போய் நிற்போம். ராத்திரி எத்தனை முறை எழ வேண்டும், உடம்பில் எத்தனை குழாய் இருக்கிறது, ஆள் வராத அன்றைக்கு யார் வருவார் என்ற மூன்றுக்கும் விடை எழுதிவிட்டால் சம்பளக் கணக்கு தானாக அமையும்.

ராத்திரிக் கணக்கு

ஒரு காகிதத்தில் ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை எழுதிப் பாருங்கள். தானாகப் புரண்டு படுக்க முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அப்படியானால் 10, 12, 2, 4, 6 என்று ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் டயப்பரைப் பார்த்து, முதுகுக்குத் தலையணை அண்டை கொடுத்து, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்து, யூரின் பேக்கை அந்தப் பக்கம் மாற்றித் தொங்கவிட்டு முடிக்க 15 நிமிடம் ஆகும். இடையில் கிடைக்கும் தூக்கம் ஒன்றரை மணி நேரத் துண்டுகள்தான். ஒரு வாரம் தாங்கலாம். மூன்றாவது வாரத்தில் 2 மணித் திருப்பல் விட்டுப்போகும், அடுத்த வாரம் 4 மணியும் போகும். காலையில் நோட்டில் மட்டும் ஐந்து முறை டிக் இருக்கும்.

இதைச் சோம்பல் என்று திட்டுவது நியாயமில்லை. பகலிலும் அதே ஆள்தான் குளிப்பாட்டுகிறார், ஊட்டுகிறார், துணி துவைக்கிறார். வாலெலும்பின் மேல் சிவப்பு தெரியும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காமல் சிவப்பாகவே நிற்கும். படுக்கைப்புண்ணின் முதல் படி அது. கருத்த தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் சூடாக, கல் மாதிரி இறுகி, அல்லது கொழகொழவென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தை எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது நம் பக்கத்துப் பழக்கம். செய்யவே கூடாது, உள்ளே நசுங்கிய தசை இன்னும் கிழியும்.

ஏஜென்சிகள் '24 மணி நேரம், ஸ்டே' என்று விலை சொல்வது ஒரே ஆளைத்தான். தனி ஆளும் 'வீட்டோட இருந்து பாத்துக்கறேங்க' என்றால் அதே ஒரே ஆள். இந்த இடத்தில் இரண்டு ஏற்பாட்டுக்கும் துளி வித்தியாசம் இல்லை. ராத்திரி ஒருமுறை பாத்ரூம் போகத் துணை வேண்டும் என்ற அளவில் இருப்பவருக்கு ஸ்டே ஆள் போதும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டியவருக்குப் பகலுக்கு ஒருவர், ராத்திரிக்கு ஒருவர் என்று 12 மணி நேர ஷிப்ட் இல்லாமல் முடியாது. ராத்திரிப் பாதியை வீட்டு ஆள் ஏற்றுக்கொள்வதாக இருந்தால் யார், எந்த மணி என்று பெயர் போட்டு எழுதுங்கள். பொதுவாக 'நாங்க பாத்துக்கறோம்' என்பது நடக்காது.

காற்று மெத்தை வாங்கினால் திருப்ப வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். திருப்ப வேண்டும். மெத்தைக்கும் கட்டிலுக்கும் இடையே, நோயாளியின் இடுப்புக்கு நேர் கீழே, உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துப் பாருங்கள். எலும்பு கையில் இடித்தால் காற்று போதவில்லை. பம்ப்பில் எடைக்கு ஏற்ற அளவு வைத்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். கரண்ட் போனால் பம்ப் நின்றுவிடும். அதன் பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் போடச் சொல்ல மறந்து, மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் முழுப் பகலும் வெறும் ரப்பர் ஷீட்டில் கிடக்கிறவர்கள் உண்டு. கயித்துக் கட்டிலில் காற்று மெத்தை போடவே கூடாது. நடுவில் தொய்ந்து இடுப்பு குழியில் இறங்கும், திருப்புகிறவரின் முதுகும் போகும். ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகைக்குக் கிடைக்கிறது, அதைப் போடுங்கள்.

'லைசென்ஸ்' என்றால் என்ன

'நாங்க லைசென்ஸ் உள்ள ஏஜென்சி' என்று சொன்னால் எந்தக் காகிதம் என்று கேளுங்கள். செக்யூரிட்டி ஆள் அனுப்பும் நிறுவனங்களுக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. வீட்டுப் பராமரிப்பு ஆள் அனுப்புவதற்கென்று அது போன்ற தனி மத்தியச் சட்டம் கிடையாது. அதனால் காட்டப்படுவது பெரும்பாலும் கம்பெனிப் பதிவு, ஜிஎஸ்டி எண், ஐஎஸ்ஓ சான்றிதழ் இவற்றில் ஒன்றாக இருக்கும். ஜிஎஸ்டி எண் வரிக்குப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லும். நோயாளியைத் திருப்பத் தெரியுமா என்பதை அது சொல்லாது.

உண்மையில் எடை உள்ள காகிதங்கள் இரண்டு. நர்ஸ் என்று அனுப்பினால், தமிழ்நாடு நர்சஸ் மற்றும் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் அவர் பெயரில் உள்ள பதிவு எண். ஏஎன்எம், ஜிஎன்எம், பிஎஸ்சி நர்சிங் என்று எந்த நர்ஸ் படிப்பாக இருந்தாலும் பதிவு இருக்க வேண்டும். எண்ணைக் கேட்டால் முகம் சுளிக்கும் ஏஜென்சியை அங்கேயே விட்டுவிடலாம். உதவியாளர் என்றால், 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்' அல்லது 'ஹோம் ஹெல்த் எய்டு' பயிற்சிச் சான்றிதழ். அது நர்ஸ் படிப்பு அல்ல. யூனிஃபார்ம் போட்டு வரும் எல்லோரையும் 'சிஸ்டர்' என்று கூப்பிட்டுவிடுகிறோம், அதில்தான் குழப்பமே ஆரம்பிக்கிறது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, திருப்புவது, நடக்க வைப்பது, பிரஷர் பார்ப்பது உதவியாளர் வேலை. உணவு கொடுக்க மூக்குக் குழாய் போடுவது, யூரின் குழாய் மாற்றுவது, நரம்பில் ஊசி போடுவது நர்ஸ் வேலை. உதவியாளர் விலைக்கு நர்ஸ் வேலை வாங்கப் பார்த்தால் அதன் விலையைப் படுத்திருப்பவர்தான் கொடுப்பார்.

சட்டத்தில் ஏஜென்சிக்கு ஒரு பலம் உண்டு, பலருக்கும் தெரியாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'சேவை' என்பதிலிருந்து தனிப்பட்ட பணி ஒப்பந்தத்தை விலக்கி வைத்திருக்கிறது. நீங்களே நேராகச் சம்பளத்துக்கு வைத்த ஆள் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழியில்லை. ஏஜென்சி பில் போட்டுத் தருவது சேவை. குறை இருந்தால் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் இதெல்லாம் பில் இருந்தால்தான். 'பில் இல்லாம வாங்கிக்கிட்டா கொஞ்சம் குறைச்சுக்கலாங்க' என்று சொல்லி வாங்கும் ஏஜென்சி, தனி ஆளின் பலவீனத்தை ஏஜென்சி விலைக்கு விற்கிறது.

ஏஜென்சி: எதற்குக் காசு

ஏஜென்சிக்குக் கொடுக்கும் கூடுதல் காசு மாற்று ஆளுக்குத்தான். வந்தவருக்குக் காய்ச்சல், வீட்டில் சாவு, அல்லது சண்டை போட்டுக் கிளம்பிவிட்டார் என்றால், எத்தனை மணி நேரத்தில் இன்னொருவர் வருவார்? வாயால் 'உடனே அனுப்பிடுவோம்' என்பார்கள். ஒப்பந்தத்தில் மணிக்கணக்காக எழுதச் சொல்லுங்கள், வராத நாளுக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்றும் எழுதச் சொல்லுங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் மாநகருக்குள் இது ஓரளவு நடக்கிறது. தாராபுரம், வெள்ளகோவில், அந்தியூர், திருச்செங்கோட்டுக்கு வெளியே போகப்போக மாற்று ஆள் மறுநாள், அதற்கு மறுநாள் என்று தள்ளும். அங்கே இருப்பவர்கள் மாற்று ஆள் வாக்கை நம்பி அதிகக் காசு கொடுப்பதற்கு முன் ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

தீபாவளி, பொங்கலுக்கு ஏஜென்சியிலும் ஆள் குறையும். அந்தச் சமயத்தில் அனுப்பப்படுகிறவர் பெரும்பாலும் புதியவர். 15 நாளுக்கு முன்பே கேட்டு, இப்போது இருப்பவர் ஊருக்குப் போவாரா, யார் வருவார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏஜென்சியில் அடிக்கடி கெட்டுப்போவது ஆள் மாறுவதில்தான். மாதத்தில் மூன்று பேர் மாறினால், மூன்று பேருக்கும் எந்தக் கை வலிக்கும், எந்த மாத்திரையை நசுக்கக் கூடாது, ராத்திரி எதற்குக் கத்துவார் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். நினைவு தடுமாறுகிறவருக்கு இது பெரிய கொடுமை. நேற்று வந்த முகம் இன்று இல்லை என்றால் 'வூட்டுக்குள்ள திருடி வந்துட்டா' என்று அலறுவார், சாப்பிட மாட்டார், அடிக்கவும் கை ஓங்குவார்.

அடுத்தது பேச்சு. ஏஜென்சிகள் ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் பக்கத்துப் பெண்களையும் அனுப்புகின்றன. உழைப்பில் குறை சொல்ல முடியாத பலர் அவர்களில் உண்டு. ஆனால் பக்கவாதத்தில் வாய் குழறிய ஒருவர் 'வவுறு நோவுது', 'தண்ணி தவிக்குது', 'வெளிக்கு வருது' என்று சொல்வது புரியாவிட்டால் பராமரிப்பே நடக்காது. படம் போட்ட அட்டை ஒன்று செய்து (தண்ணீர், வலி, ஒண்ணுக்கு, குளிர், பசி) கட்டிலருகே கட்டிவிட்டால் ஓரளவு சமாளிக்கலாம். வாய் நன்றாகப் பேசும், ஆனால் படுத்த படுக்கை என்கிறவருக்கு இது அவ்வளவு பெரிய தடை இல்லை.

ஒப்பந்தத்தில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: ஏஜென்சி அனுப்பிய ஆளை நீங்கள் நேரடியாக வேலைக்கு எடுத்தால் இவ்வளவு அபராதம். எத்தனை மாதத்துக்கு அது பொருந்தும் என்று பாருங்கள். முன்பணம், பதிவுக் கட்டணம் இரண்டில் எது திரும்ப வரும், நோயாளி இறந்துவிட்டால் மீதி நாள் காசு என்ன ஆகும் என்பதையும் கேட்டுவிட வேண்டும். கேட்க மனசு வராது. அதனாலேயே பின்னால் துக்க வீட்டில் அந்தப் பேச்சு நடக்கிறது.

தனி ஆள்: எங்கே நிற்கும், எங்கே விழும்

ஊருக்குள்ளேயே இருக்கும் ஒரு அம்மா, நோயாளியின் பேச்சு தெரிந்தவர், 'ஏனுங்காத்தா, இன்னிக்கி கொஞ்சம் எந்திரிச்சு உக்காரலாமுங்களா' என்று கேட்கத் தெரிந்தவர். இது எந்த ஏஜென்சியாலும் தர முடியாத ஒன்று. ராகிக் கூழ் எந்தப் பதத்துக்கு வேண்டும் என்று அவருக்குத் தெரியும். முகம் மாறாது. மனச்சோர்வில் இருக்கும் பெரியவர்கள் இப்படிப்பட்ட ஒருவரின் பேச்சிலேயே சாப்பிடத் தொடங்குவதுண்டு.

விழும் இடம் நோம்பி, அதாவது திருவிழா, விசேஷ நாட்கள். ஊர் மாரியம்மன் நோம்பி, ஆடிப் பதினெட்டு, தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம், சொந்தத்தில் முகூர்த்தம். இவையெல்லாம் முன்கூட்டியே தெரிந்த நாட்கள்தான், ஆனால் யாரும் வேலைக்கு எடுக்கும்போது கேட்பதில்லை. ஊர் நோம்பி என்பதால் அவருக்குப் பதில் வரக்கூடிய பக்கத்து வீட்டு அம்மாவும் அதே நாளில் நோம்பியில் இருப்பார். எனவே மாற்று ஆள் வேறு ஊர்க்காரராக இருக்க வேண்டும். வேலைக்குச் சேரும் நாளிலேயே காலண்டரை எடுத்து வைத்து, வருஷத்துக்கு எந்தெந்த நாட்கள் என்று வட்டம் போடுங்கள். வாரம் ஒரு நாள் விடுப்பு கட்டாயம் கொடுங்கள், அந்த நாளுக்கு ஒரு மாற்று ஆளை வாரா வாரம் கூப்பிடுங்கள். மாதம் நான்கு நாள் வந்து பழகிய மாற்று ஆள்தான் அவசரத்துக்குக் கைகொடுப்பார். அவசரத்தில் தேடிப் பிடிக்கும் ஆளுக்கு வீட்டில் பாத்ரூம் எங்கே என்பதே தெரியாது.

இன்னொன்று அட்வான்ஸ். சேர்ந்த பத்து நாளில் பெரிய தொகை கேட்பார்கள், மகள் காலேஜ் ஃபீஸ், சீட்டு, நகை மீட்பு என்று காரணம் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். இரண்டு மாதச் சம்பளம் கொடுத்துவிட்டால், அதைக் கழிக்க முடியாமல் வேலையை விட்டுப் போவதுதான் அவருக்குச் சுலபமான வழி ஆகிவிடுகிறது. அரை மாதச் சம்பளத்துக்கு மேல் போகாதீர்கள், கழிப்பது மாதம் எவ்வளவு என்று நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பனியன் கம்பெனி வழக்கத்தில் பழகியவர்கள் சனிக்கிழமைச் சம்பளம் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள். வாரச் சம்பளம் வாங்குகிறவர் அட்வான்ஸ் குறைவாகக் கேட்பார்.

அடையாளம் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். பல்லடம், சிவகிரிப் பக்கம் தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த முதியவர்கள் கொல்லப்பட்ட பிறகு, புது ஆளைத் தோட்டத்துச் சாளையில் விடுவதற்கு வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பயப்படுவது நியாயம்தான். ஆதார் நகல், இப்போதைய முகவரி, ஒரே குடும்பம் அல்லாத இரண்டு பேரின் போன் எண், முன்பு வேலை பார்த்த வீட்டுக்கு ஒரு போன் கால் இவை குறைந்தபட்சம். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டுப் பணியாளர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஏஜென்சி ஆளுக்கும் இதைக் கேளுங்கள், 'எல்லாம் வெரிஃபை பண்ணியாச்சுங்க' என்று சொன்னால் அந்தக் காகிதத்தின் தேதியைப் பாருங்கள். நகையை லாக்கருக்கு மாற்றுவதும், ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் அவர் கையில் கொடுக்காமல் இருப்பதும் அவரையும் சந்தேகத்திலிருந்து காப்பாற்றும். கேமரா வைத்தால் சொல்லிவிட்டு வையுங்கள். குளிப்பாட்டும் இடமும் அவர் தூங்கும் இடமும் அதில் தெரியக் கூடாது.

ஆளைப் பார்க்கும் 15 நிமிடம்

சான்றிதழைவிட இந்த 15 நிமிடம் அதிகம் சொல்லும். ஏஜென்சி ஆளோ தனி ஆளோ, கட்டிலருகே கூட்டிப்போய்ச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

திருப்பச் சொன்னால், கையைப் பிடித்து இழுக்கிறாரா, இடுப்புக்குக் கீழே விரித்த துணியைப் பிடித்துத் திருப்புகிறாரா? பக்கவாதம் வந்த பக்கத்துக் கையை இழுத்தாலோ அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாலோ தோள் மூட்டு இறங்கிவிடும், பிறகு மாதக்கணக்கில் வலி. படுக்க வைத்த பிறகு நேர் பக்கவாட்டில் விடாமல், முதுகில் தலையணை வைத்து 30 டிகிரிச் சாய்வில் விட்டால் விஷயம் தெரிந்தவர்.

மூக்குக் குழாய் பாதி வெளியே வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். 'உள்ள தள்ளி விட்டுருவேங்க' என்றால் அந்த ஆள் வேண்டாம். குழாய் நுரையீரலுக்குள் போயிருக்கலாம். ஊட்டுவதை நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிடுவேன் என்பதே சரியான பதில். குழாயில் மூக்குக்கு வெளியே இருக்கும் குறி ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறாரா, தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்துகிறாரா, ஒரு தடவைக்கு 200 முதல் 250 மில்லிக்குள் மெதுவாக விடுகிறாரா, முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விட்டுக் கழுவுகிறாரா, ஊட்டிய பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் படுக்க விடாமல் வைக்கிறாரா என்று கவனியுங்கள். ராகிக் கூழ் ஆறினால் கெட்டியாகும், துணியில் வடிகட்டாமல் விட்டால் குழாய் அடைக்கும். அடைத்த குழாயைச் சிரிஞ்சால் பலமாக அழுத்துவதும் தப்பு.

மாத்திரை நசுக்குவதில் நிறைய தவறு நடக்கிறது. பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், ஈஆர் என்று இருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை. நசுக்கக் கூடாது, மருந்து மொத்தமும் ஒரேயடியாக இறங்கும். டாக்டரிடம் மாற்று கேட்க வேண்டும்.

இன்சுலினில் இன்னும் கவனம். பாட்டிலில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட், பென்னில் வருவது 100 யூனிட். பென் ரீஃபிலிலிருந்து 40 யூனிட் சிரிஞ்சால் உறிஞ்சி 10 என்ற கோடு வரை எடுத்தால் உடம்புக்குள் போவது 25 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. வீட்டில் ஒரே வகை மட்டும் இருக்கட்டும். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால், விழுங்க முடிகிறவருக்கு 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

கடைசியாக யூரின் பேக்கைத் தூக்கிக் கட்டிலின் மேல் வைத்து நோயாளியை நகர்த்துகிறாரா என்று பாருங்கள். பேக் எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே, தரையில் படாமல் தொங்க வேண்டும். மேலே போனால் அழுக்குச் சிறுநீர் திரும்பி உள்ளே ஓடும், குளிர்காய்ச்சல் வரலாம்.

காசு

கணக்குக் காட்ட மட்டும் ஒரு உதாரணம். தனி ஆளுக்கு மாதம் 18,000, மாற்று ஆளுக்கு 4 நாள் 900 வீதம் 3,600, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் என்றால் மாதத்துக்கு 1,500. மொத்தம் 23,100. ஏஜென்சி 27,000 கேட்டு, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டால் 31,860. மாதம் 8,760 வித்தியாசம், வருஷத்துக்கு 1,05,120. ஏஜென்சி சொல்லும் தொகையில் வரி உண்டா இல்லையா என்று முதல் போனிலேயே கேளுங்கள். சாப்பாடு இரண்டிலும் வீட்டுச் செலவுதான். தனி ஆளுக்குப் பேசிய 18,000-ஐ மட்டும் ஏஜென்சியின் 31,860-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமான ஒப்பீடு ஆகாது. விடுப்பு, போனஸ், மாற்று ஆள் மூன்றையும் கொடுக்காமல் மிச்சம் பிடிக்கிறவர்கள் ஆறு மாதத்தில் நான்கு ஆள் மாற்றுகிறார்கள்.

செலவைக் குறைக்க ஒரு வழி பலரும் விடுவது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபியும் நோய்த்தணிப்பு நர்ஸும் வருவார்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரையும் வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணும் இருக்கிறது.

எது யாருக்கு

நடமாட்டம் இருக்கிறது, நினைவு மட்டும் தடுமாறுகிறது, அல்லது துணைக்கு ஒருவர் வேண்டும் என்றால் தனி ஆள்தான். உள்ளூர்க்காரராகவே பாருங்கள், ஏஜென்சிக்குப் போக வேண்டாம்.

குழாய்களோடு டிஸ்சார்ஜ் ஆகி வருகிறவருக்கு முதல் 6 முதல் 8 வாரம் ஏஜென்சி, அதுவும் 12 மணி நேர ஷிப்ட். காசு அதிகம் என்று தெரியும். ஆனால் படுக்கைப்புண்ணும் நுரையீரலில் உணவு இறங்குவதும் பெரும்பாலும் இந்த நாட்களில்தான் வருகின்றன, அதற்குத் திரும்பவும் ஆஸ்பத்திரியில் கட்டும் தொகை இதைவிட மிக அதிகம். அந்த வாரங்களிலேயே உள்ளூரில் இரண்டு பேரைப் பார்த்து, ஏஜென்சி ஆள் செய்வதைப் பக்கத்தில் நின்று பழக விடுங்கள். நிலைமை ஒரு சீருக்கு வந்ததும் பகல், ராத்திரி என்று அவர்கள் இருவர். குழாய் மாற்ற மட்டும் நர்ஸ் வந்து போனால் போதும்.

பஸ் வராத தோட்டத்து வீடு என்றால், எந்த ஏற்பாடானாலும் அவருக்குத் தாழ்ப்பாள் உள்ள அறை, உள்ளேயே பாத்ரூம், ராத்திரி எரியும் வெளி விளக்கு, போன் சிக்னல் கிடைக்கும் இடம் இந்த நான்கையும் முதலில் சரிசெய்யுங்கள். ஏஜென்சி ஆட்கள் மூன்றாம் நாள் கிளம்பிவிடுவதற்கு இவை இல்லாததுதான் பெரும்பாலும் காரணம்.

ஆளை முடிவு செய்துவிட்டால் டிஸ்சார்ஜுக்கு 2 நாள் முன்பே வார்டுக்கு வரச் சொல்லுங்கள், அந்த 2 நாளுக்கும் சம்பளம் உண்டு என்று சொல்லியே கூப்பிடுங்கள். வார்டு நர்ஸ் ஊட்டுவதையும் திருப்புவதையும் அவர் ஒருமுறை பார்த்து, மறுமுறை நர்ஸ் பார்க்கத் தானே செய்ய வேண்டும். ஒரு 80 பக்க நோட்டு வாங்கி, திருப்பிய மணி, ஊட்டிய மில்லி, சிறுநீர் எத்தனை மில்லி, மலம், பிரஷர், சர்க்கரை என்று பத்தி பிரித்து முதல் வரியை அங்கேயே எழுத வையுங்கள். ஒரு நாள் சிறுநீர் 400 மில்லிக்குக் கீழே போனால் எந்த டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும் என்ற எண்ணை அட்டையின் மேலேயே பெரிதாக எழுதிவிட்டு, அதன் பிறகு ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.